பால்சா பலகையின் எடை

ஜூன் 3: பால்சா பலகை 24, தொகை 18,400.
ஆகஸ்ட் 9: ரெசின், தொகை 9,150.
செப்டம்பர் 2: படகுச் சோதனைக் கட்டணம், தொகை 600.

என் தங்கை கணவர் முப்பது வருடம் ஊரார் படகுகளைப் பழுது பார்த்தவர். சொந்தமாக வாங்கிய முதல் ஃபைபர் படகின் உடலை அவரே புதிதாகக் கட்டினார். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைக்க நுரைப்பலகை வாங்கலாம். அது நீர் குடிக்காது, ஆனால் விலை இரண்டு மடங்கு. அவர் தக்கைபோல் லேசான, ஆனால் நீர் குடிக்கும் பால்சா மரத்தை வாங்கினார்.

“ஈரம் படாம பாத்துக்கிட்டா இதை அடிச்சுக்க ஆளில்ல, மச்சான்” என்றார்.

பட்டறை ஒழுகியதால் பலகைகளை என் பின்னறையில் அடுக்கினோம். அதில் ஒன்றை வாரந்தோறும் நிறுத்து என் கணக்கு நோட்டில் குறித்து வைத்தேன். வந்த அன்று 2,140 கிராம். மழைக்குப் பின் 2,390.

ரெசின் பிசின் பூசி மேலடுக்கும் இறுகிய பிறகுதான் அந்த நோட்டு அவர் கண்ணில் பட்டது.

“கால் கிலோ ஏறியிருக்கே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க கேக்கலையே, மாப்பிள்ளை.”

“கேட்டாத்தான் பேசுவீங்களா? தராசுகூட முள்ளை ஆட்டிக் காட்டுமே!”

நாணயத்தால் படகைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். பல இடங்களில் சத்தம் மந்தமாக வந்தது; அங்கெல்லாம் உள்ளே மரம் ஈரம். அடுக்கைப் பிரித்தால் மரமும் கூடவே பிய்ந்து வரும். சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. தபால்காரரைக் கண்டாலே அவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

சோதனை அலுவலகத்தின் முதல் கடிதம் மறுசோதனை கேட்டது. உள்ளே ஈரம் இருப்பதால் படகைக் கடலில் இறக்க அனுமதியில்லை என்ற இறுதிக் கடிதம் வந்த நாள் அக்டோபர் 14.