ஸ்கேன் கிளியரானதற்குக் கிடா வெட்டு

மலேசியாவின் கோலா சிலாங்கூர் கிளினிக்கில் நர்ஸாக, ஊர் வாயில் 'மிஸி'யாக, இருந்தபோது கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ விருந்துக்குப் போயிருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு விருந்து வைத்தது ஈஜோக் ஊர் சரசு அக்கா ஒருவர்தான்.

மாதவிலக்கு வந்தால் அவர் மகள் தேவியால் ராவாங் ஃபேக்டரியில் நிற்க முடியாது. "இன்னொரு எம்.சி. லீவு லெட்டர் குடுத்தா வேலை இல்லன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு மிஸி" என்று அழுதாள். டாக்டர் ஸ்கேன் செய்தார்.

"ஸ்கேன் கிளியர். ஆனா..." என்றார். அக்கா அந்த 'ஆனா'வுக்கு நிற்கவில்லை. வெளியே போய்ச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

முனியாண்டிக்கு நேர்ந்த கிடாவை வெட்டி, கூடாரம் போட்டு, டாக்டரையும் என்னையும் அழைத்தார்கள். "ஒண்ணும் இல்லயாம்லா!" என்று ஆளாளுக்கு மகிழ்ச்சி. தேவியைத்தான் காணோம்.

"தீட்டு வந்துருச்சி மிஸி. சாமி பக்கம் வரக்கூடாதுன்னு உள்ள படுக்க வச்சிருக்கோம்" என்றார் அக்கா.

அட கொடுமையே! உள்ளே அவள் சுருண்டு கிடந்தாள். டாக்டர் சாப்பாட்டை விட்டு வந்தார். கறித்தட்டோடு பின்னாலேயே வந்த தாய்மாமனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"டாய்லட் போறப்ப வலிக்கிதா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றார் அக்கா.

"வயிறு உங்களுதா, அவளுதா?" என்றேன்.

"கத்தியால குத்துற மாதிரி இருக்கு டாக்டர்," என்றாள் தேவி. "வயசுக்கு வந்ததுலேர்ந்து இப்படித்தான். நடிக்கிறேங்கிறாங்க."

"எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம்மா. கர்ப்பப்பை உள்பக்கத்துல இருக்குற மாதிரி சதை அதுக்கு வெளியில வளரும். ஸ்கேன்ல தெரியாமலும் இருக்கும். அன்னைக்கே சொல்ல வந்தேன்."

"அப்ப கெடா வெட்டுனது வீணாலா?" கதவுக்கு வெளியே மாமன் குரல்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஸ்பெஷலிஸ்ட் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு லேப்ரோஸ்கோபி. மயக்கம் கொடுத்து, தொப்புள் அருகே சின்னத் துளை போட்டு கேமரா விட்டார்கள். தெரிந்த திட்டில் துளி வெட்டி லேபுக்கு அனுப்பினார்கள். அதுவேதான்.

இளம் நர்ஸுகளே, ஸ்கேன் கிளியர் என்றால் ஸ்கேன் மட்டும்தான் கிளியர். வலிக்கிறவளைப் பேச விடுங்கள்.

ரிசல்ட் வந்த வாரம் தேவி கேசரியோடு கிளினிக்குக்கு வந்தாள். ஸ்பெஷலிஸ்ட் கடிதத்தைப் பார்த்த சூப்பர்வைசர் அவள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டாராம்.

"நோய் இருக்குன்னதுக்கா கேசரி?" என்றேன்.

"நடிக்கலன்னு தெரிஞ்சிருச்சில்ல மிஸி! அம்மாதான் கிண்டுனாங்க." அவள் கண் கலங்கியது. "சாமிக்குக்கூட வைக்கல. மொதல்ல எனக்குத்தான் குடுத்தாங்க."