தேதி சார் போடாத தேதி

எங்கள் வரிப் படிவக் கடையில் அவருக்குத் ‘தேதி சார்’ என்று பெயர் வைத்ததே நான்தான். மூன்று மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நான். பதினெட்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது முறை அவர் வாயிலிருந்து இது வரும்: “தேதி போடாத காகிதம் வெறும் காகிதம்தாங்க.” கையெழுத்தை மறந்தால்கூட மன்னித்துவிடுவார். தேதியை மறந்தவரை வாசல்வரை துரத்திப் போய்க் கூட்டி வருவார்.

கல்யாணம் ஆகவில்லை. வயது ஐம்பத்தேழு. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள். தினமும் பதினொரு மணிக்கு அந்த ஆள் வீட்டு போனிலிருந்து கடைக்குப் பேசுவார். எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் தேதி சாருக்குக் கூச்சம் கிடையாது.

“கஞ்சி குடிச்சாரா? வெளிக்குப் போனாரா? எத்தனை மணிக்கு?”

அதையும் மேசை நாட்காட்டியில் குறித்துக்கொள்வார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினைப் பார்ப்பதுதான் என் பதினொரு மணி வேலை.

ஒரு நாள் அப்பா போய்ச் சேர்ந்தார். நான்கு நாள் கழித்துத் தேதி சார் வேலைக்கு வந்தார். பதினொரு மணிக்கு போன் அடித்தது.

“ம்... ஜன்னலைத் திறந்து வெச்சியா? கட்டில் மேல வெயில் படுதா? சரி. நீ சாப்டியா?”

அப்பா இல்லாத வீட்டுக்கு அந்த ஆள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளும் அடித்தது. அடுத்த வாரமும் அடித்தது. “பணம் கொட்டிக் கிடக்குது போல” என்று பக்கத்து மேசைக்காரியின் காதைக் கடித்தேன். என் வாய் அப்படி.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் யோசனை ஒன்று செய்தியில் வந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கவனிக்கக் காசு கொடுத்து ஆள் வைக்கும் குடும்பங்களுக்கு வரியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாமாம். சட்டமாவதற்கு முன்பே எங்கள் கடையில் நிற்க இடமில்லை. “வெறும் யோசனைதாங்க, முதல்ல பாஸாகட்டும்” என்று தேதி சார் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். “அதுவரைக்கும் சம்பளச் சீட்டை எடுத்து வைங்க. தேதியோட.”

பழைய வாடிக்கையாளர் அம்மாள் ஒருவர் கேட்டார்: “அப்ப உங்களுக்கும் கிடைக்கும்ல சார்? அப்பா எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு” என்றார் தேதி சார்.

நான் காகிதத்தைத் தலைகீழாக மெஷினில் வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஆளே கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், போனில் வருகிற குரலுக்குப் பொருந்தாத ஒல்லி உடம்பு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“சார், ஒரு வீட்ல கூப்பிடறாங்க. அங்க பெரியவர் ஒருத்தருக்கு நடக்க முடியாதாம். இந்த வரிக்கழிவு வந்தாலும் வரும், காகிதம் சரியா இருக்கற ஆள்தான் வேணும்ங்கறாங்க. எப்பலேருந்து எப்ப வரைக்கும் உங்ககிட்ட இருந்தேன்னு ஒரு கடிதம் குடுத்தா, திங்கக்கிழமையே சேர்ந்துக்கலாம்.”

தேதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“அப்பா அலமாரி அப்படியே கிடக்கே.”

“ஒழிச்சாச்சு சார். போன மாசமே.”

வேறு சாக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. கடிதத்தை அடித்து என்னிடம் நகலெடுக்கக் கொடுத்தார். சேர்ந்த தேதி இருந்தது. ‘வரை’ என்ற வார்த்தைக்கு முன்னால் வெறும் இடம்.

“என்ன சார், ஊரையெல்லாம் தேதி தேதின்னு உசுரை வாங்கறீங்க, நீங்களே விட்டுட்டீங்களே!”

கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“எதைப் போடறதுன்னு தெரியல” என்றார்.

“ஐயா போன தேதியைப் போடுங்க சார்” என்றார் அந்த ஆள்.

“அதுக்கப்புறமும் ஆறு வாரம் வந்திருக்கியே. அதை விட்டுட்டா உனக்குத்தானே நஷ்டம்?”

“சம்பளம் வாங்கினேன், இல்லேங்கல. ஆனா நீங்க சாயங்காலம் வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிச்சோம். அதை எப்படி சார் வேலைன்னு எழுதறது?”

தேதி சார் பேனாவை எடுத்து, அப்பா போன தேதியைக் கையாலேயே எழுதினார். ஒரு தேதி எழுத அவருக்கு அவ்வளவு நேரம் ஆகி நான் பார்த்ததில்லை. காசு வாங்காமல் இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். அந்த ஆள் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு போன் அடிக்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்து அவரே எடுத்துத் தன் வீட்டு எண்ணை அழுத்தினார். இன்னொரு கையில் பேனா, நாட்காட்டியில் அன்றைய கட்டத்தின்மேல். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருப்பது என் இடம்வரை கேட்டது. முழுக்க அடித்து ஓய்ந்த பிறகுதான் வைத்தார்.

“யாரும் எடுக்கல” என்றார் என்னைப் பார்த்து.

எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற வாய்தான் எனக்கு. அன்று அது திறக்கவில்லை.