சொல் மேகமும் வேலிப் பொட்டும்

"…அதெல்லாம் மந்திரவாதியெல்லோ சொன்னவன், நானே சொன்னனான்?" என்று தபாற்கந்தோர் அண்ணை கடதாசியை மேசையில் தள்ளிவிட்டார். பென்சன் எடுத்துப் பல வருஷமாகியும் புளியங்கூடலில் அவரை அப்படித்தான் கூப்பிடுவினம்.

வேலணையில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற தங்கச்சி ஒருத்தி எங்களை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவ. இருபது முகம் வைத்த பகடை ஒன்று, ஆளுக்கொரு வேஷம். அவ கதை சொல்லி, "இப்ப என்ன செய்யப் போறியள்?" என்று கேட்பா. நாங்கள் வாயால் செய்வோம். பகடை விழுகிற மாதிரி நடக்கும். வாயால் செய்கிற வேலை என்றதும் முதல் ஆளாய்ச் சேர்ந்தது நான்தான். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு எங்கள் விறாந்தையில் கூடுவோம். அண்ணை மந்திரவாதி. பென்சன் எடுத்த கணக்கு ரீச்சர் அக்கா வாள்வீராங்கனை. நான் கள்ளன். மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு முழங்கால், அதில் நல்லது இரண்டு.

"இது வீரம், நட்பு, தியாகம் பற்றின விளையாட்டு," என்று தங்கச்சி முதல் நாளே சொன்னவ. பாவம், நம்பித்தான் சொன்னவ.

பூதத்தின் குகை வாசலில் நாங்கள் நாலு ஞாயிறு நின்றோம். ஒருவரும் வாளை உருவவில்லை. குகைக்கு வடக்கெல்லை எது, பாதை பொதுவோ தனியோ, பூதத்திடம் காணி உறுதிப் பத்திரம் இருக்கோ என்று விசாரித்துக்கொண்டே நின்றோம். "பூதம் பத்து வருஷம் இருந்திட்டுதெண்டால் பிறகு எழுப்ப ஏலாது," என்று வீராங்கனை சட்டம் சொன்னா. தங்கச்சி தலையில் கை வைத்தா.

இதில் ஒரு விஷயம். அக்காவும் அண்ணையும் எங்கள் வீட்டுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து வளவு. அக்காவின் கிணறு உவராகிப் போச்சு. நல்ல தண்ணிக் கிணறு அண்ணையின் வளவில். அதில் அக்காவுக்கும் பங்கு உண்டு. வேலியில் ஆள் நுழைகிற பொட்டு ஒன்று இருந்தது, அதால் போய் அள்ளுவா. அண்ணையின் ஆடு அக்காவின் முருங்கையைத் தின்ன, அக்கா ஊர் அதிகாரி விதானையாரிடம் சொல்ல, அண்ணை பொட்டை முள்ளுக்கம்பியால் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அக்கா அந்த முழங்காலோடு ஒழுங்கையைச் சுற்றித் தண்ணி காவுகிறா. இருவருக்கும் பேச்சு இல்லை. விளையாட்டு மேசையில் மட்டும் "வீராங்கனையே", "மந்திரவாதியாரே" என்று தேன் ஒழுகும்.

நாங்கள் கதைத்ததெல்லாம் தங்கச்சியின் போனில் பதிவாகியிருந்தது. அதைக் கொம்பியூட்டரில் போட்டு, ஆளுக்கொன்றும் எல்லாருக்கும் பொதுவாய் ஒன்றுமாகச் சொல் மேகம் அடித்துக் கொண்டுவந்தா. கூடச் சொன்ன சொல் பெரிசாய் இருக்கும், குறையச் சொன்னது சின்னனாய் இருக்கும். பொது மேகத்தில் பூசணிக்காய் அளவில் "எல்லை". பக்கத்தில் யாருடையது என்று கேட்கிற "ஆற்றை", "உறுதி", "சாட்சி", "தேத்தண்ணி". வீரம் எறும்பளவு. நட்பும் தியாகமும் ஒரே ஒரு தரம், அதுவும் தங்கச்சி முதல் நாள் சொன்னது. என் மேகத்தில் பெரிசு "நான்". அதை மெல்ல மடித்து வைத்தேன்.

அண்ணையின் மேகத்தில் பெரிசு "தண்ணி". அடுத்தது "குடியும்". எனக்கு அப்போதுதான் உறைத்தது: வீராங்கனை களைத்த இடத்திலெல்லாம் மந்திரவாதி கல்லைத் தட்டி ஊற்று வரவழைத்து, "தண்ணி குடியும்" என்றவர்.

அக்கா கண்ணாடியைப் போட்டு அந்தக் கடதாசியை ஆறுதலாய் வாசித்தா. "மந்திரவாதியார் வலு நல்ல மனிசன். வீடு எங்கையெண்டு தெரிஞ்சால் நான் வாளியோடை போவன்," என்றா, என்னைப் பார்த்து.

அதற்குத்தான் அண்ணை, எல்லாம் மந்திரவாதி சொன்னது என்று சொல்லிக் கடதாசியைத் தள்ளிவிட்டவர். சொன்னவர் செருப்பைக் கொழுவிக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் படலையைத் தாண்டினார். இனி விளையாட்டும் முடிஞ்சுது என்று தங்கச்சி பகடையைப் பெட்டிக்குள் போட்டா.

விறாந்தையிலிருந்து பார்த்தால் அந்த வேலி நேரே தெரியும். அண்ணை குறட்டோடு வந்தார். கம்பியில் இரண்டு இழையை வெட்டினார், மூன்றாவதில் கையை எடுத்துவிட்டார். வாளி போகும், ஆள் போக ஏலாது; அவ்வளவுதான் மனம் வந்தது. பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி வந்து, அந்த ஓட்டையால் அக்காவின் வளவுக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி நின்றார்.