கண்டாக்கு இல்லாத சொனாட்டா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எட்டு நாட்களாக மூன்று இசைப் புத்தகங்கள் கிடந்தன. சோறு அடுப்படியில். விருந்தாளி வந்தாலும் அடுப்படியில்தான்.

மூன்றும் பியானோ சொனாட்டாக்கள் — ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்கிற நீண்ட உருப்படிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ஒன்று ஹங்கேரிக்காரருடையது, ஒன்று போலந்துக்காரருடையது, மற்றது வியன்னாக்காரருடையது. பெயர்கள் எதற்கு? என் மனைவி மல்லிகா அவர்களை அப்படித்தான் சொல்கிறாள் — ஏதோ பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் போல.

மல்லிகா ஹட்டனில் கணக்கு டீச்சர். அடுத்த வருடம் ஓய்வு. சின்ன வயதில் விடுதிப் பள்ளியில் பியானோ படித்தவள். இனி ஒரே ஒரு பெரிய சொனாட்டாவை எடுத்து, ஐந்து வருடம் உட்கார்ந்து, முழுதாகப் படித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

ஏன் ஒன்றே ஒன்று? வலது கை மோதிர விரல் காலையில் மடங்க மறுக்கிறது. "கைய பாத்து வச்சுக்குங்க டீச்சர்" என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பிழையான புத்தகத்தை எடுத்தால் வருடமும் போகும், விரலும் போகும்.

அவள் கண் ஹங்கேரிக்காரர் மீது. காரணம் எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் அதைச் சொல்லித்தரக் கேட்டபோது, "உன் கை சின்னது, அது உனக்கு வேண்டாம்" என்றாராம் விடுதியில் பியானோ படிப்பித்த சிஸ்டர். நாற்பது வருடமாகியும் அந்த வாக்கியம் ஆறவில்லை.

போன ஞாயிறு அவள் தம்பி சேகர் வந்தான். வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு. யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று காலையில் பிரித்துவிட்டு, பின்னாலேயே போய் மேற்பார்க்கிற உத்தியோகம். புத்தகங்களைப் புரட்டினான்.

"இதுக்கு கண்டாக்கு யாருக்கா?"

"கண்டாக்கா?"

"டிவியில பாத்திருக்கேனே. கோட்டு போட்டுக்கிட்டு குச்சிய ஆட்டுவாரு. அவரும் கண்டாக்குதானே?"

"அவரு கண்டக்டர்டா, நூறு பேரு சேந்து வாசிக்கிறதுக்கு. சொனாட்டாவுக்கு ஒரே ஆளு."

"ஆளு இருக்கு, கண்டாக்கு இல்லையா? அப்ப வேலை நடந்த மாதிரிதான்." நாற்காலியைப் பியானோப் பக்கம் இழுத்துப் போட்டான். "வாசி. நான் பாக்கறேன்."

"நீ பாத்து என்னத்த கிழிக்கப் போற?"

"மச்சான், உங்க வீட்ல எப்பவும் இப்பிடித்தானா?"

நான் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டேன்.

மல்லிகா மூன்றிலும் முதல் பக்கத்தை வாசித்தாள். எட்டு நாட்களாக நானும் அந்த மூன்று பக்கங்களைத்தான் கேட்கிறேன். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. சேகர் தலையை ஆட்டினான்.

"மொத பக்கமெல்லாம் ரோட்டோர மலை மாதிரிக்கா. தொரை ஜீப்ல போறப்ப பாக்கறதுக்கு. செங்குத்து எங்க இருக்கு? அத காட்டு."

புது மலைக்குப் போனால் அவன் முதலில் ஏறிப் பார்ப்பது கால் வழுக்குகிற இடத்தைத்தானாம்.

மல்லிகா ஹங்கேரிக்காரரின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். இரண்டு கைகளும் அகல விரிந்து, எட்டு எட்டுக் கட்டையாகப் பாய வேண்டிய இடம். மெதுவாகத்தான் வாசித்தாள். இரண்டாவது வரியில் உதடு இறுகியது. முடிந்ததும் வலது கையைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். சேகரும் பார்த்தான்.

"இந்த எடத்த மட்டும் விட்டுட்டு வாசிச்சுக்கலாம்" என்றாள்.

"அப்ப அரைப்பேர்தான் போடுவேன்."

அரைப்பேர் — அன்றைய கொழுந்து நிறை எட்டாதவர்களுக்குப் பதிவில் விழும் பாதி நாள். இவர்களின் அம்மா கொழுந்தெடுத்தவர். அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

போலந்துக்காரரின் கடைசிப் பகுதியில் பாதியில் அவளே நிறுத்தினாள். வியன்னாக்காரர் மிஞ்சினார். இதில் பாய்ச்சல் குறைவு. அடியில், இடது கைப் பக்கம், தூரத்து வளைவில் லொறி கியர் மாற்றுவது போல ஒரு சின்ன நடுக்கம் வந்து வந்து போகிறது.

"இதுல செங்குத்து எதுக்கா?"

"சத்தம் போடாம, அவசரப்படாம, பக்கம் பக்கமா போய்க்கிட்டே இருக்கணும். அதான்."

"வெரலு?"

மடக்கினாள், நீட்டினாள். "வலிக்கல."

"எனக்குத் தூக்கம் வருது" என்றான் சேகர். "ஆனா முழுப்பேர் போடலாம்."

நாமெல்லாம் முதல் பக்கத்தைப் பார்த்துத்தானே தேர்ந்தெடுக்கிறோம்? வேலையை, வீட்டை... ஏன், மாப்பிள்ளையைக்கூட. வழுக்குகிற இடத்தில் முன்கூட்டியே ஏறி நின்று பார்த்தவர் யார்? மல்லிகாவும் பார்க்கவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

திங்கட்கிழமை வியன்னாக்காரர் பியானோ மீது ஏறினார். ஐந்து வருடம் அங்கேதான் இருப்பார். ஹங்கேரிக்காரரை அவள் அலுமாரியில், நல்ல சேலைகளுக்கு நடுவே வைப்பதைப் பார்த்து, "அதுதான் வேணாம்னு ஆயிருச்சே?" என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க" என்றாள். "யாராச்சும் வாசிக்கறத புத்தகத்த பாத்துக்கிட்டே கேக்கறதுக்கு வெரலு வேணாம்ல."