அரசியின் கல்லில் விட்ட இடம்

ஓசூருக்கு வெளியே, கல்லறைக் கற்களை ஏற்றுமதி செய்யும் ஒரு கிரானைட் தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் அது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் ஆர்டர் வழக்கமானதாக இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த ஓர் அரசியின் கல்லறைப் பலகை சிதைந்துவிட்டது. அதே வாசகத்துடன் புதிய கருங்கல் வேண்டும் என்றார்கள்.

உடன் வந்த குறிப்பை இருமுறை படித்தேன். அவள் ஆண்ட தீவு நாட்டைக் காக்கப் படை கிடைக்கும் என்று எண்ணி, அயல்நாட்டு இளவரசன் ஒருவனுக்கு அவளை மணம் முடித்திருக்கிறார்கள். வந்த படை போதவில்லை. அவள் தந்தைக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகன் அரியணையைப் பறித்துக்கொண்டான். கணவன் தன் ஊருக்கே திரும்பிவிட்டான். அவளோ அந்நிய நகரத்தில், பிறர் தந்த வீட்டில் வாழ்ந்து, இறக்கும்வரை அரசி என்றே கையெழுத்திட்டாள்.

எழுத்துகளை வெட்டிய ரப்பர் தாளைக் கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சிப் பொறிப்பது எங்கள் முறை. தாளை ஒட்டியவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்து அக்கா, ஒப்பந்தத் தொழிலாளி. அன்று லாரியில் ஏற்றும் அவசரத்தில், வரைபடத்தை அருகில் வைத்துப் பார்க்காமலே, பொறிக்கலாம் என்று நான் கையெழுத்திட்டேன்.

பொறித்து முடித்த பிறகுதான் தவறு கண்ணில் பட்டது. நடுவில் இருக்க வேண்டிய வாசகம் கீழ்ப்பாதியில் இருந்தது. மேல்பாதி வெறுமை.

"புருஷன் பேருக்கு எடம் வுட்டேன் சார். எங்க ஊருக் கல்லறைல அப்படித்தான். அவரு உசுரோட இருந்தாலும் மேல எடம் இருக்கும்" என்றார் அக்கா.

அரசியின் கதையைச் சொன்னேன். கையிலிருந்த ரப்பர் துணுக்குகளை உதிர்த்தபடியே கேட்டார்.

"கைவிட்டுப் போன நாட்டுப் பேரு கல்லுல இருக்குது. கட்டுனவரு பேரு மட்டும் இல்லீங்களா?"

"இல்லக்கா."

தன்னையும், நிலத்துக்குப் போகும் வழியைப் பற்றிய தகராறு ஒன்று தீரட்டும் என்றுதான் மாநில எல்லைக்கு அப்பால் ஒரு கன்னட வீட்டில் கொடுத்தார்கள் என்றார். தகராறு தீரவில்லை, அவர்தான் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தார். இந்தக் கூலியில்தான் மகள் படிக்கிறாள்.

மேற்பரப்பை இழைத்து மறுபடி பொறிக்கலாம். ஆனால் கல்லின் கனம் குறையும். வாங்குபவரின் சம்மதம் தேவை. எனவே மறைக்க வழியில்லை. அறிக்கையில் அக்காவின் பிழை என்று எழுதினால், ஒப்பந்தக்காரர் விசாரிக்காமலே அவரை நிறுத்திவிடுவார். அதற்காகப் பொய் எழுதவும் எனக்கு மனமில்லை. யோசித்துப் பார்த்தால், பழக்கப்படி ஒட்டியது அவர். தடுப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். நடந்ததை அப்படியே எழுதி, வரைபடத்தைப் பார்க்காமல் ஒப்புதல் அளித்த பொறுப்பு என்னுடையது என்று முடித்தேன்.

மேலாளர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அக்காவை யாரும் அழைக்கவில்லை. சற்று மெலிந்த கல்லுக்கு வாங்குபவரும் இசைந்தார்.

இரண்டாம் முறை ஒட்டியபோது அக்காவே என்னைக் கூப்பிட்டு, அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"மேலயும் கீழயும் ஒரே அளவுதான். நீங்களே பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

அளந்தேன். சரியாக இருந்தது. பிறகே கையெழுத்திட்டேன்.