கார்டில்தான் கோளாறு

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றிவிட்டு, "சரியாயிடுச்சு சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நம் ஆள் அப்படியில்லை. பெட்டியைத் திறப்பார். உள்ளே செருகியிருக்கும் கார்டுகளையெல்லாம் கழட்டி மேசையில் பரப்புவார். பிறகு ஒன்றைச் செருகி, இயக்கி, பார்த்து, அணைத்து, அடுத்ததைக் கையில் எடுப்பார். பக்கத்தில் நின்று யாராவது உச்சுக்கொட்டினால், "ஒவ்வொண்ணா பாப்போம்" என்பார். சொல்லிச் சொல்லி, அவர் போய்வருகிற ஆபீஸ்களில் அவர் பெயரே 'ஒவ்வொண்ணா' என்று ஆகிவிட்டது. வீட்டு போனில் யாராவது "ஒவ்வொண்ணா சார் இருக்காரா?" என்று கேட்டால், அவர் மனைவி "இல்ல, ரெண்டு ரெண்டா இருக்காரு" என்று சொல்லிவிட்டுத்தான் ரிசீவரைக் கொடுப்பாள்.

கவலைப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலை முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு, உள்ளே ஃபேன் வயரை மாட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன் செய்வார். "மாட்டிட்டீங்க சார், சுத்துது சார், போய்ச் சாப்பிடுங்க சார்" என்று அந்தப் பக்கம் சிரிப்பார்கள். அப்படியும் அவருக்குச் சோறு இறங்காது. பெட்டியில் கோளாறே இருக்கக்கூடாது, இருந்தாலும் தன்னால் வந்ததாக இருக்கக்கூடாது என்பதுதான் அந்த மனிதரின் ஒரே பிரார்த்தனை.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு மதியம், ஒரு பெட்டியில் கோளாறு இருக்க வேண்டும், அதுவும் தன் கையால் வந்த கோளாறாகவே இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறினார்.

காரணம் அவர் மகள். ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து டீச்சர் போன மாதம் இவர்களைக் கூப்பிட்டனுப்பி, "முகத்தைப் பாத்துப் பேசினா டக்குனு பதில் சொல்றா. போர்டுல எழுதிக்கிட்டே கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா. எதுக்கும் ஒரு காது டெஸ்ட் எடுத்துடுங்களேன்" என்று சொல்லியிருந்தார். இவர் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே காதுப் பிரிவு உண்டு. அங்கே கண்ணாடி வைத்த சின்ன அறையில் குழந்தையை உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கம்ப்யூட்டர் வழியாக ஒவ்வொரு ஒலியாக அனுப்புவார்கள். கேட்டால் குழந்தை கையைத் தூக்க வேண்டும். இவர் மகள் தடித்த ஒலிகளுக்கெல்லாம் ஜோராகக் கை தூக்கினாள். கீச்சென்ற மேல் ஒலிகள் வந்தபோது கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

டெஸ்ட் எடுத்த பெண்மணியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஆடியோ மேடம் என்பார்கள். "மேல் சத்தம் சரியா கேக்கலன்னு தோணுது. அடுத்த வாரம் இன்னொரு தடவை எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன். தேவைப்பட்டா மிஷின் வெச்சுக்கலாம், பயப்படற விஷயமே இல்ல" என்றார். பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகு யார்தான் பயப்படாமல் இருந்திருக்கிறார்கள்? அந்த வாரம் முழுக்க அவர் மனைவி, பெண் திரும்பி நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ரகசியக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். சில சமயம் திரும்பியது, சில சமயம் திரும்பவில்லை. திரும்பாதபோது சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டிய அன்று காலையில்தான் ஆடியோ மேடத்திடமிருந்து போன். "சார், நீங்க நெட்வொர்க் கார்டு போட்டுட்டுப் போனதுலேருந்து நம்ம சிஸ்டம் சரியில்ல. ஹெட்போன்ல சத்தம் விட்டு விட்டு வருது. சாயங்காலம் உங்க பொண்ணுக்கே எடுக்கணும், கொஞ்சம் வந்து பாத்துடுங்க."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், இவர் நெஞ்சுக்குள் குதூகலம். அந்தப் பெட்டியில் ஒலி அனுப்ப ஒரு கார்டு முன்பே இருந்தது. ரிப்போர்ட் நேரே டாக்டர் அறைக்குப் போகட்டும் என்று நெட்வொர்க் கார்டை இவர்தான் செருகினார். வெளியே கூட்டம் அலைமோதியதால், போட்டுவிட்டு, இணைப்பு வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். ஒலி சரியாக வருகிறதா என்று ஹெட்போனை மாட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொண்ணா பார்க்கிறவர் ஒன்றைப் பார்க்காமல் விட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் மகளுக்கு டெஸ்ட் எடுத்தார்கள். ஒலியே வராதபோது குழந்தை எப்படிக் கை தூக்கும்?

மற்ற குழந்தைகளின் நினைப்பும் வந்தது. அந்த நாட்களில் அந்த நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்களோ, எத்தனை தாய்மார்கள் மூக்கைச் சிந்துகிறார்களோ என்று எண்ணிப் பார்த்தார். ஆனாலும் ஓட்டமும் நடையுமாகத்தான் போனார்.

ஆடியோ மேடம் சாப்பிடப் போயிருந்தார். அறையில் துடைப்பத்தோடு துப்புரவு அக்கா மட்டும் இருந்தாள். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தடித்த ஒலி ஒன்றை ஓடவிட்டார். திரையில், ஒலி போகிறது என்பதற்கு அடையாளமாகப் பச்சைக் கோடு எரிந்தது. காதில் 'பூம்' என்று வந்தது. பிறகு டாக்டர் அறைக்கு ஒரு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுக் கேட்டார். பச்சைக் கோடு அசையாமல் எரிய, காதில் ஒலி துண்டு துண்டாக வெட்டுப்பட்டது. "மாட்டினியா!" என்று கத்தினார். துப்புரவு அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

விஷயம் எளிது. ஒவ்வொரு கார்டும் வேலை வரும்போது கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரு மணி அடிக்கும். இரண்டு கார்டுக்கும் ஒரே மணி அமைந்துவிட்டால், இரண்டு வீட்டுக்கு ஒரே காலிங்பெல் வைத்த கதைதான். யார் அடித்தது என்று பார்த்து முடிப்பதற்குள் ஒருவர் போய்விடுவார். நெட்வொர்க் கார்டு அடிக்கும்போதெல்லாம் ஒலிக் கார்டு வாசலிலேயே நின்றது. கார்டைப் பிடுங்கி வேறு துளையில் செருகினார். மணிகள் பிரிந்தன. ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டே கேட்டார், தடித்த ஒலி எண்ணெய் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

சரி, இனி மகள் கை தூக்காத அந்த மேல் ஒலி. ஓடவிட்டார். பச்சைக் கோடு எரிந்தது. காதில் ஒன்றுமில்லை.

சத்தத்தைக் கூட்டினார். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினார். திரை மட்டும் பச்சையாக எரிந்தது. நெட்வொர்க் கார்டை முழுதாகவே வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தார். இல்லை. யாரோ எந்தக் காலத்திலோ செருகி மறந்த பழைய மோடம் கார்டு ஒன்று மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது, அதையும் எடுத்தார். இல்லை. ஹெட்போனை மாற்றினார். ஒலிக் கார்டையே துடைத்து இடம் மாற்றிச் செருகினார். தடித்த ஒலி மணிமணியாக வந்தது, மேல் ஒலி மட்டும் வரவே இல்லை. வேறு எதுவும் மிச்சமில்லை. ஒலிக் கார்டுதான் மேல் ஒலியை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

ஆஸ்பத்திரி போனிலிருந்தே வீட்டுக்கு அடித்தார். "கெளம்பிட்டியா? கேளு. நம்ம பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. கார்டுலதான் கோளாறு. நானே மாட்டிக் கேட்டேன், அந்தச் சத்தம் வரவே இல்ல. வராத சத்தத்துக்கு அவ எப்படிக் கை தூக்குவா?"

"நல்லா பாத்தீங்களா?" என்றாள்.

"ஒவ்வொண்ணா பாத்தேன்."

அவள் அழுதாள். அந்த வாரம் அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. "இதோ வரோம்" என்று வைத்துவிட்டாள்.

ஆடியோ மேடம் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். இவர் மூச்சு விடாமல் கதையைச் சொன்னார்: மணிகள், துளைகள், ஒலிக் கார்டு. "அப்போ புதுக் கார்டுதான் போடணுமா? போன வாரம் எடுத்த எல்லாரையும் திரும்ப வரச் சொல்லணுமே" என்று மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மேசையில் கிடந்த ஹெட்போனைத் தலையில் மாட்டினார். இவர் மேல் ஒலியை ஓடவிட்டார்.

மேடம் விருட்டென்று ஹெட்போனைப் பிடுங்கினார். "ஐயோ சார்! இவ்ளோ சத்தமாவா வெப்பீங்க? காதே போயிடும் போலிருக்கு!"

"கேக்குதா?"

"கேக்குதாவா? மண்டையைத் தொளைக்குது."

இவர் சிரித்தார். மேடம் விளையாடுகிறார் என்று நினைத்தார். மேடம் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும், திரும்பித் துப்புரவு அக்காவிடம் ஹெட்போனை நீட்டினார். "அக்கா, நீங்க கொஞ்சம் கேளுங்களேன்." சத்தத்தைக் குறைத்து வைத்தார். அக்கா ஒரு பக்கத்தை மட்டும் காதருகே கொண்டுபோய், "கொசு கத்துற மாதிரி இருக்கு" என்றாள். இன்னும் குறைத்தார். "இப்பவும் இருக்கு, தூரமா போயிடுச்சு."

அவர் ஹெட்போனை வாங்கி மறுபடி தன் காதில் வைத்துப் பார்த்தார். பச்சைக் கோடு எரிந்துகொண்டிருந்தது. கார்டு, துளை, வயர், ஹெட்போன் என்று அத்தனையும் மாற்றிப் பார்த்தவர், எல்லாவற்றையும் தன் காதால் மட்டும்தான் கேட்டிருந்தார். அந்தக் காதை மாற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்? குழந்தைகள் உட்காரும் அந்தக் குட்டை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தாமல், முகத்துக்கு நேரே நின்று பேசினார். "சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும் சார். இது குடும்பத்துல வர்றதுதான். நீங்க வாயைப் பாத்தே சமாளிச்சுருப்பீங்க. தெரியாமலே நெறைய பேர் இப்படித்தான் இருக்காங்க."

அவருக்கு அதெல்லாம் ஏறவில்லை. பெண்ணுக்கு இதைக் கொடுத்தது நான்தானே என்பது ஒன்று, மனைவியிடம் போனில் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது இன்னொன்று. இரண்டும் மாறி மாறி அடித்தன. போனை எடுத்து மறுபடி வீட்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

வந்தபோது மனைவி முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒரு வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பெண் அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தது. இவர் வராந்தாவிலேயே மனைவியை நிறுத்திச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "கார்டுல ஒரு கோளாறு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன். ஆனா அந்தச் சத்தம் வருது. எல்லாருக்கும் கேக்குது. எனக்குத்தான் கேக்கல."

அவள் சிரிப்பு மெல்ல வடிந்தது. திட்டுவாள் என்று இவர் காத்திருந்தார்.

"அப்போ," என்றாள் கடைசியில், "நான் உள்ளேருந்து கூப்பிடக் கூப்பிட நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பீங்களே, அது..."

"கேட்டிருக்காது."

"திமிருன்னுல்ல நெனச்சேன். இத்தன வருஷமா." கண் நிறைந்துவிட்டது. அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். தட்டிய இடத்தையே மறுபடி தட்டினாள்.

கண்ணாடி அறைக்குள் போகப் பெண் மறுத்தது. அம்மாவின் புடவையை இறுக்கிக்கொண்டது. "சரி, இன்னிக்கு முதல்ல அப்பாவுக்கு எடுப்போம். நீ என்கூட இங்க நின்னு பாரு" என்றார் மேடம். இவர் உள்ளே போய் உட்கார்ந்தார். தனக்கு இத்தனை வருஷம் ஆகித் தெரிந்தது, அந்தப் பிஞ்சுக்கு ஆறு வயதில் தெரியப்போகிறதே என்று நினைத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் மேடமும், திரையை எட்டிப் பார்த்தபடி மகளும் தெரிந்தார்கள்.

தடித்த ஒலிகள் வந்தன. கை தூக்கினார். பிறகு ஒலிகள் நின்றுவிட்டன. அவர் காத்திருந்தார். அப்போது மகள், மேடத்துக்குத் தெரியாமல், இடுப்புக்குப் பக்கத்தில் கையை லேசாக உயர்த்தி அவருக்குச் சாடை காட்டினாள். திரையில் பச்சைக் கோடு எரிந்திருக்க வேண்டும். அப்பா தோற்றுவிடக்கூடாது என்று கண்ணை உருட்டினாள். மறுபடி காட்டினாள். வகுப்பில் இவள் எப்படிச் சமாளித்திருப்பாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து, டீச்சரின் வாயைப் பார்த்து, மாட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு நாளையும் ஓட்டியிருக்கிறாள். பழக்கத்தில் அவர் கையும் பாதி எழுந்துவிட்டது.

கையை இறக்கினார். ஹெட்போனைக் கழட்டிவிட்டுக் கதவைத் திறந்து, மகளின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கேக்கல மேடம். எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்ல."

பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, யாரும் திட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டது. பிறகு அம்மாவின் புடவையை விட்டுவிட்டு ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது.

"எனக்கும் கேக்காதுப்பா" என்றாள், பெரிய சந்தோஷத்தோடு. "உன்ன மாதிரியே."