தோல் குழிக்காரர்

தேவசிகாமணியை ஜீவானந்தம் முதன்முதலில் பார்த்தபோது அவர் வரிசையில் நிற்கவில்லை. தலைச்சோலைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டின் களத்தில் தோல் நோய் முகாம் நடந்துகொண்டிருந்தது. தை மாதம், பழம் பறிப்பு முடிகிற நேரம். ஐம்பது பேர் வரிசையில் நிற்க, அவர் மட்டும் இருபதடி தள்ளி ஒரு மரத்தடியில், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

பெயர் எழுதும் மேசையிலிருந்து ஜீவானந்தம் கூப்பிட்டான். “வரிசையில வாங்கண்ணா.”

“இருக்கட்டுங்க. எல்லாரும் போவட்டும். நான் கடைசியில வர்றனுங்க.”

கடைசியில் போவது அவருக்குப் பழகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக முழங்கையிலும் தலையிலும் குதிகாலிலும் வெள்ளி வெள்ளியாகச் செதில் உதிர்கிறது. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். டீ வேளையில் அவருக்கென்று கைப்பிடி வைத்த எனாமல் கப் ஒன்று தனியாக ஆணியில் தொங்கும். யாரும் தொங்கவிடச் சொல்லவில்லை. அவரே ஆணி அடித்துக்கொண்டார். வேலையும் அப்படித்தான் அமைந்தது. பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினுக்கு அவர்தான் ஆள். உரித்த தோலெல்லாம் தண்ணீரோடு ஓடிப் பின்னால் உள்ள குழியில் விழும். அந்தத் தோல் குழியைக் கிளறுவதும் மட்கியதை அள்ளிச் செடிக்குப் போடுவதும் அவர் வேலை. அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் வேறு யாரும் வருவதில்லை.

மனைவி லூர்துசெல்வி மகளின் பிரசவத்துக்கென்று சேலத்துக்கு இறங்கினாள். பேத்திக்கு இப்போது மூன்று வயது. லூர்துசெல்வி இன்னும் மேலே வரவில்லை. பேத்தியை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார்.

“கொளந்தைக்கு ஒட்டிக்குமான்னு மாப்பிள்ளை பயப்படறாருங்க,” என்று ஒருமுறை அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, “சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது,” என்று சொல்லி மருந்து எழுதினார். மீதியை விளக்கச் சொல்லி ஜீவானந்தத்திடம் அனுப்பினார்.

ஜீவானந்தம் கிளியூர்க்காரன். அவன் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். விலங்கியல் படித்துவிட்டு முகாம்களில் உதவிக்கு வருபவன். கடைசி வருஷப் பிராஜெக்டே செல்கள் தங்களைத் தாங்களே சுத்தம் செய்துகொள்வதைப் பற்றித்தான். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் விடுவானா?

“அண்ணா, நம்ம தோலு பூராவும் செல்லுதானுங்க.”

“செல்லா? சார்ஜு போடோணுமா?” என்று பக்கத்தில் களத்தைக் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரி கண்ணாயி சிரித்தாள்.

அவனுக்கு உற்சாகம் ஏறியது. குரலும் ஏறியது. “செல்லுக்குள்ள பழசு, ஒடைசல், குப்பை சேருமுங்க. செல்லு தன்னையே தின்னு அதையெல்லாம் சுத்தம் பண்ணிக்கும். இதுக்குத் தன்னுண்ணல்னு பேரு. இந்த நோவுல அந்தக் காரியம் சரியா நடக்கறதில்லன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. கிருமியை அடிக்கற எதிர்ப்புச் சக்தியும் ஆள் தெரியாம நம்ம தோலையே அடிக்குமுங்க.”

தேவசிகாமணிக்கு முழுதாகப் புரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவன் அவரை எதிரே உட்காரவைத்து இவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

“எந்த ஊரு கண்ணு நீ?” என்று போகும்போது கேட்டார்.

கண்ணாயிக்கோ பாதிதான் காதில் விழுந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் லயன் என்கிற வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது: “சிகாமணியண்ணனுக்குத் தன்னையே தின்னுற நோவாமா. படிச்ச பையனே சொல்லிப்போட்டான்.”

மறுநாள் எனாமல் கப்பில் டீயைத் தூக்கி ஊற்றினார்கள், பாத்திரம் கப்பில் படாதபடி.

அதையும் அவர் பொறுத்துக்கொள்வார். ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழன்தான் அவரை உறுத்தியது. அன்று எஸ்டேட் கோயிலில் ஏசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். ஒவ்வொரு வருஷமும் ஒரு லயனுக்கு முறை. ஆறு வருஷத்துக்கு முன் முறை வந்தபோது குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். இந்த வருஷம் மறுபடி அவர் லயனுக்கு முறை. பட்டியலில் ஏழாவது பேர் அவருடையது. லூர்துசெல்வியிடம் போனில் சொன்னார்.

“ஏனுங்க, எல்லார் முன்னாடியும் ஃபாதர் உங்க காலைத் தொட்டாருன்னா மாப்பிள்ளைக்கும் பயம் தெளியுமுங்க. நான் வந்து பாத்துட்டுப் போயிச் சொல்றனுங்க. ஈஸ்டருக்குக் கொளந்தையைத் தூக்கிட்டு வந்தர்லாம்.”

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தை ஓட்டினார். பாதி தவக்காலத்தில் உபதேசியார் மனுவேல் பல்பர் கொட்டகைக்கு வந்தார். கோயில் காரியங்களைப் பார்ப்பவர், நல்ல மனுசர். மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சிகாமணி. இந்தத் திங்கற நோவு ஆறட்டும். அடுத்த முறை பாத்துக்கலாமுங்க.”

அடுத்த முறை என்றால் இன்னும் ஆறு வருஷம். தேவசிகாமணி முகாம் சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜீவானந்தம் ஓடிவந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“நான் சொன்னதே வேறங்கண்ணா. கோயில் வாசல்ல நின்னு நானே எல்லாத்துக்கும் வெளக்கிச் சொல்லிப்போடறேன்.”

“நீ வாயத் தொறக்காத கண்ணு. நீ பேசித்தான் இத்தன வெனையும்,” என்று சொல்லிவிட்டு, பூசை முடிந்து வந்த உபதேசியாரைக் குழிக்குக் கூட்டிப்போனார். ஜீவானந்தம் பின்னாலேயே நடந்தான்.

“உபதேசியாரே, இந்தக் குழியை நாம என்ன பண்றோம்?”

“அள்றோம்.”

“அள்ளி?”

“செடிக்குப் போடறோம்.”

“அப்ப இந்த எஸ்டேட்டு தன்னோட தோலைத் தானே திங்குதுங்களே. அது நோவா?”

மனுவேல் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

“அள்ளாம உட்டாத்தானுங்க நோவு. குழி ரொம்பி வழியும், நாறும், ஈ மொய்க்கும். ஈயை ஓட்டறேன்னு வாட்ச்மேன் தடியோட வந்து, ஈயை உட்டுப்போட்டுச் செடியை அடிச்சா எப்பிடி இருக்கும்? அதானுங்க எம்பட தோலு. உள்ள அள்ளற ஆளு சரியா அள்றதில்ல. காவலுக்கு இருக்கறவன் எம்படதையே அடிக்கறான். பக்கத்து எஸ்டேட்டுக்கு இதுல என்ன வந்துது? இந்தக் குழி அங்க தாவுமா?”

உபதேசியார் சிரித்துவிட்டார். “பிரசங்கம் நொம்ப நல்லா இருக்குதுங்க. உங்க பேரு இருக்கட்டும்.”

பட்டப்படிப்பில் மூன்று வருஷம் படித்ததை அவர் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டதாக ஜீவானந்தம் நினைத்தான்.

பெரிய வியாழன் மாலை. காப்பிப் பூ பூத்து மலையெல்லாம் மணந்தது. லூர்துசெல்வி மதிய பஸ்ஸில் வந்து, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேர் வலது காலின் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் இருந்தார்கள். தேவசிகாமணி காலையிலிருந்து நான்கு முறை குதிகாலுக்கு மருந்து தடவியிருந்தார். ஃபாதர் ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் துடைத்து முத்தமிட்டுக்கொண்டே வந்தார். ஐந்து. ஆறு.

ஏழாவது காலில் தண்ணீர் விழுந்தது. ஃபாதரின் விரல்கள் குதிகாலை, அந்தச் செதிலோடு சேர்த்து, பிடித்தன. லூர்துசெல்வி தவிர அதை வேறு யாரும் தொட்டதில்லை. அவளும் தொட்டு வருஷங்கள் ஆயின.

ஃபாதர் தோளிலிருந்த துண்டை எடுக்கக் கைதூக்கினார். அதற்குள் பக்கத்தில் நின்ற மனுவேல் மடிப்புக் கலையாத வேறு துண்டு ஒன்றை நீட்டினார். நீல நிறம். புதுசு. நல்லெண்ணத்தில்தான் நீட்டினார்.

கோயில் முழுவதும் அந்த நீலத்தைப் பார்த்தது.

தேவசிகாமணி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “வேண்டாங்க ஃபாதர். காத்துல காஞ்சுக்குமுங்க,” என்றார் மெதுவாக. ஃபாதர் ஒரு நொடி தயங்கினார். பிறகு குனிந்து அந்த ஈரக்காலை முத்தமிட்டுவிட்டு, எட்டாவது ஆளிடம் போய் வெள்ளைத் துண்டை எடுத்தார்.

கடைசி பஸ்ஸுக்கு நிற்கும்போது லூர்துசெல்வி கேட்டாள். “அந்தத் துண்டுலயே தொடச்சிருந்தா என்னங்க?”

“தொடச்சிருந்தா, ஒட்டும்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிரும்.”

“மாப்பிள்ளை கேட்டா என்னன்னு சொல்றது?”

“கால் கழுவுனாரு, முத்தம் குடுத்தாருன்னு சொல்லு.”

“துண்டு?”

அவர் பஸ் வரும் வளைவைப் பார்த்தார். அவளுக்குப் பொய் வராது என்பது அவருக்குத் தெரியும். பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

அந்த ஈஸ்டருக்குப் பேத்தி வரவில்லை.

தேவசிகாமணி இப்போதும் அதே எஸ்டேட்டில்தான் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு இறங்கி மருந்து வாங்கிக்கொண்டு, மகள் வீட்டுத் தெருவுக்குப் போகாமல் மலையேறிவிடுகிறார். முழங்கையில் செதில் பாதியாகக் குறைந்திருக்கிறது. குதிகாலில் அவ்வளவாகக் குறையவில்லை. ஜீவானந்தம் முகாம்களில் ‘தின்னும்’ என்ற சொல்லை விட்டுவிட்டான். தோல் குழியைத்தான் சொல்கிறான், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. எனாமல் கப் அதே ஆணியில் தொங்குகிறது.